வெள்ளி விழாவுக்குத் தீப்பெட்டி லேபிள் தேடுங்கள்

(வேலூரில் கிராஃபிக் டிசைனர்களும் அச்சகத்தாரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

அரசனில்லாத கோட்டை, நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று நம்ம ஊரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் குறை தீர்ந்தது. டிசைனர் சங்கங்களின் ஆண்டு விழாவில்தான் அது இன்னும் தீரவில்லை. மேடை, சால்வை, வாசலை அடைத்து ஃபிளெக்ஸ் எல்லாம் இருக்கும். உறுப்பினர்கள் இத்தனை ஆண்டு செய்த வேலையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

உங்கள் சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் பழைய வேலைகளைத் திரட்டி, காலம் கணித்து, கண்காட்சியாகவும் புத்தகமாகவும் கொண்டுவரச் செலவிடுங்கள் என்பேன். மிச்சத்தில் சால்வை வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஏஐஜிஏ என்ற டிசைனர் சங்கம் 1914-இல் நியூயார்க்கில் தொடங்கி 2014-இல் நூற்றாண்டு கண்டது. 1920 முதல் பதக்கம் கொடுத்து வருகிறது. ஆனால் விமான நிலையத்தில் கழிப்பறை, டாக்ஸி, தகவல் மையத்துக்கு நாம் பார்க்கும் பொம்மைப் படங்களில் பல, அந்தச் சங்கம் அவர்களுடைய போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து உருவாக்கியவை. 1974-இல் 34 குறிகள், 1979-இல் இன்னும் 16, மொத்தம் 50. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். பதக்கம் வாங்கியவர் பெயர் ஊருக்குத் தெரியாது, அந்தக் குறிகள் உலகத்துக்கே தெரியும்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். குடியாத்தத்தில் தீப்பெட்டி லேபிள், லுங்கி லேபிள். ஊருக்கு ஊர் பீடிக் கட்டு லேபிள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், காலணி அட்டைப்பெட்டிகள். அப்புறம் கல்யாணப் பத்திரிகைகள். இவற்றை யாரிடம் கேட்பது? பழைய அச்சகங்களின் மாதிரி ஃபைலைக் கேளுங்கள். கடனாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் அளவு, ஏற்கெனவே உள்ள கிழிசல், திருப்பித் தரும் தேதி எழுதிய சீட்டு கொடுங்கள். இதற்கே ஆறு மாதம் ஆகும். விழாவுக்கு ஒன்றரை வருடம் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

பெரிய சிக்கல் காலம் கணிப்பது. லேபிளில் வருடம் இருக்காது, ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் இருக்கும். விலை அணாவில் மட்டும் இருந்தால், நயா பைசா வந்த 1957-க்கு முந்தையது அல்லது ஓரிரு வருடம் பிந்தையது. முகவரியில் 632 என்று தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1989 பிரிவினைக்கு முந்தையது. கூடவே ‘அம்பேத்கர்’ இருந்தால் அதற்குப் பிந்தையது. எழுத்தில்தான் ஏமாறுவோம். வளைந்த பழைய ‘லை’, ‘னை’ கண்டதும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்று எழுதிவிடக் கூடாது. ஈய எழுத்தைப் புதிதாக வாங்கக் காசில்லாத அச்சகம் பழைய எழுத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். புது எழுத்து இருப்பதாலேயே 1978-க்குப் பின் என்றும் சொல்ல முடியாது. பெரியாரின் ‘குடிஅரசு’ 1935-லேயே மாறிவிட்டது. இரண்டு தடயமாவது ஒத்துப்போனால் வருடத்தை எழுதுங்கள், இல்லாவிட்டால் ‘1960–75’ என்று வீச்சாகப் போடுங்கள்.

ஸ்கேன் விஷயம். தீப்பெட்டி லேபிளை நாலு மடங்கு பெரிதாக்கி 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 1200 டிபிஐ ஸ்கேன் வேண்டும். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக, எந்தத் திருத்தமும் இல்லாமல் மூலப்பிரதி ஒன்று தனியே இருக்கட்டும். ஆஃப்செட் அச்சின் நுண்புள்ளிகளாலான படம் உள்ள பெட்டிகளை அப்படியே மறு அச்சுக்குக் கொடுத்தால் புள்ளிமேல் புள்ளி மோதி அலை அலையாகக் கோடு விழும். அந்தப் புள்ளியைக் கரைக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். பீடிக் கட்டில் ஒட்டிய லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள், மை கரையும். பிவிசி உறையிலும் போடாதீர்கள், வேலூர் வெயிலுக்கு மை உறையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேஷன் செய்யலாமா என்று கேட்பவரைக் குழுவிலேயே சேர்க்காதீர்கள்.

புத்தகக் கணக்கு. 23×36 அங்குலத் தாளில் கால் டெம்மி (சுமார் 8.5×11 அங்குலப் பக்கம்) அளவுக்கு 8 இலை, அதாவது 16 பக்கம். 96 பக்கத்துக்கு 6 தாள். 500 பிரதிக்கு 3,000 தாள். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) மேட் ஆர்ட், அதாவது பளபளப்பில்லாத வழவழப்புத் தாள் என்றால் சுமார் 208 கிலோ. கழிவுத் தாள் தனி, அச்சு இயந்திரம் ஓட்டுகிறவரைக் கேட்டு முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். தாளின் நார் 23 அங்குலப் பக்கமாக ஓட வேண்டும். கடையில் கிடைத்தது என்று 36 அங்குலப் பக்கமாக ஓடுவதை எடுத்தால் நார் புத்தக முதுகுக்குக் குறுக்கே விழும். கோந்து காய்ந்ததும் பக்கங்கள் நெளியும், புத்தகம் விரித்த இடத்தில் நிற்காது. பைண்டரைத் திட்டிப் பயனில்லை.

தொண்ணூறுகளில் பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் சிலரிடம் இருக்கும். அந்தந்தக் கம்பெனி எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு இல்லாமல் திறந்தால் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இப்போதைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போஸரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ‘கொ’வில் கொம்பு இடம் மாறி நிற்கும். முதல் பக்கத்தில் பார்த்துவிடலாம்; 70-ஆம் பக்கத்துப் படக்குறிப்பில் யாரும் பார்ப்பதில்லை.

விழாச் சின்னம் பற்றி ஒரு வார்த்தை. ‘25’க்குள் கோட்டையையும் பென்சிலையும் நுழைக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். 15 மில்லிமீட்டர் அகலத்தில், ஒரே நிறத்தில் அடித்துப் பாருங்கள், கோட்டை கரும்புள்ளியாகிவிடும். எந்தத் தேதியோடு அந்தச் சின்னத்தை நிறுத்துவது என்பதையும் இப்போதே தீர்மானத்தில் எழுதுங்கள்.

கண்காட்சியில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில் இருக்கட்டும். லேபிள்களுக்குப் பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டித் தொங்கவிடுங்கள். ஜன்னல் வெயில் படும் சுவரில் மூலப்பிரதி வேண்டாம். மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளுக்கும். விழா முடிந்த வாரத்திலேயே சீட்டைப் பார்த்து எல்லாவற்றையும் உரியவரிடம் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்கேன் கோப்புகளின் ஒரு நகல் சங்கத்தில், ஒன்று வேறொருவர் வீட்டில், மூன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு இப்போதே கடிதம் எழுதி, அந்த மூன்றாவது நகலை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள்.