ஏழு முறை கன்னியாகுமரி

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போவதைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். ஊர், சாலை, மலை, வழியில் கிடைக்கும் சாப்பாடு என்று பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டியவன் என்ற முறையில், நான் அதிகம் யோசித்தது, அதிகம் குனிந்து பார்த்தது, அதிகம் செலவு செய்தது எல்லாமே பின் டயருக்குத்தான். அதனால் இன்று பின் டயரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். உங்கள் வீட்டு வாசலில் நிற்பது நூறு சிசி வண்டியாக இருந்தாலும் சரி, ஸ்கூட்டராக இருந்தாலும் சரி, இதில் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

என்னிடம் இருப்பது ஆயிரம் சிசி வண்டி. ஸ்போர்ட் டூரிங் என்பார்கள். வேகமாகவும் போக வேண்டும், நாள் முழுக்கவும் போக வேண்டும், பின்னால் ஒருவர் வசதியாக உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துச் செய்த வண்டி. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் மூன்றாவது கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "பின் டயர் எவ்வளவு வருது?"

என் கணக்கைச் சொல்கிறேன். பத்தாயிரம் கிலோமீட்டர். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வண்டியோடு வந்த முதல் டயர் பிடிப்புக்காகவே செய்த மென்மையான ரகம், ஏழாயிரத்தில் முடிந்தது. அப்புறம் நெடும்பயணத்துக்கென்றே விற்கும் ரகத்துக்கு மாறினேன். அதில் ஒன்று பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. சராசரி பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் என்று சொன்னால் மனதில் நிற்காது. இப்படிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போய் வந்தால் 1,400. ஏழு முறை போய் வந்தால் 9,800. ஆக, ஏழு முறை கன்னியாகுமரிக்குப் போய் வந்தால் ஒரு பின் டயர் முடிந்தது. என் வண்டிக்குப் பின் டயர் இருபதாயிரம் ரூபாய் ஆகிறது. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய், பின் டயருக்கு மட்டும். பெட்ரோல் கணக்கு வேறு.

வேலைக்குப் போய்வரும் சின்ன வண்டிகளில் பின் டயர் 25,000, 30,000 கிலோமீட்டர்கூட வருகிறது. கார் டயர் 40,000 வருகிறது. இந்தப் பெரிய வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி என்று பலர் கேட்பார்கள்.

உங்கள் உள்ளங்கையை ஒரு தரம் பாருங்கள். ஓடும் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். வண்டி 235 கிலோ, ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பெட்டி, பெட்டிக்குள் இருப்பது எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவை நெருங்கும். அதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தின் தலையில். அதோடு எஞ்சினின் இழுப்பு முழுவதும் அந்த உள்ளங்கை அகலத்தின் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். முன் டயர் வழிகாட்டுகிறது, பிரேக் பிடிக்கும்போது பாரம் தாங்குகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது பின் டயர் ஒன்றுதான்.

ஒருநாள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பின் டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். கிலோமீட்டருக்கு 500 சுற்று. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 50 லட்சம் சுற்று. இத்தனை சுற்றில் நடுவிலிருந்து போவது 5 மில்லிமீட்டர் ரப்பர். வகுத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு மெல்லிய ஏட்டைச் சாலையில் விட்டுவிட்டு வருகிறது அந்த டயர். நானூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு, வெயிலில், இவ்வளவு சிக்கனமாகத் தேயும் பொருள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பின் டயர் மொட்டையாகும் முன்பே சப்பையாகிவிடும். இதை இன்னும் இரண்டு முறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கொல்லிமலை.

சில வருடம் முன்பு நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து கிளம்பி, சேலத்தில் தங்கி, மறுநாள் காலை கொல்லிமலைக்குப் போனோம். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. அங்கிருந்துதான் ஏற்றம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். அந்த வருடம் முழுக்க நான் நான்கு வழிச்சாலையிலேயே ஓட்டியிருந்தேன். திருச்சி, மதுரை, பெங்களூரு, மறுபடி மதுரை. எல்லாம் நேர் ரோடு. டயரில் எட்டாயிரம் ஆகியிருந்தது. கிளம்பும் முன் பார்த்தேன், பட்டன், அதாவது டயரின் மேலே வெட்டியிருக்கும் பள்ளமும் மேடும், இருந்தது. தேய்மானம் காட்டும் சிறு மேடு இருக்கிறதே, அதை இன்னும் தொடவில்லை. பதினோராயிரம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பத்து வளைவுக்குள்ளேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வண்டியைச் சாய்த்தால் சாய மறுக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று விழுவதுபோல் சாய்கிறது. நிமிர்த்தும்போதும் அதே மாதிரி. நான் எதுவும் பேசவில்லை. இருபதாவது வளைவுக்கு அருகில் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னங்க, வண்டி ஒவ்வொரு வளைவுலயும் முதல்ல வரமாட்டேங்குது, அப்புறம் பொத்துன்னு சாயுது. என்னாச்சு?" கைப்பிடி இல்லாமல், கண்ணாடி பார்க்காமல், பின்னால் உட்கார்ந்திருப்பவர் உடம்பாலேயே அதைச் சரியாகச் சொல்லிவிட்டார். மீதி ஐம்பது வளைவையும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்துதான் ஏறினோம். மேலே அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை எல்லாம் பார்த்தோம். பார்த்தேனே தவிர, இறங்க வேண்டிய எழுபது வளைவும்தான் என் மனதில் இருந்தன.

எப்படியோ இறங்கிவிட்டோம். சேந்தமங்கலம் போகும் வழியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் எழுபது வயதுக்காரர். காற்று சரிபார்க்கச் சொன்னேன். அவர் காற்றைப் பார்க்கும் முன் டயரின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். உள்ளே போய் ஓர் அடி இரும்பு ஸ்கேல் எடுத்துவந்து டயரின் குறுக்கே வைத்தார். ஸ்கேல் ஆடாமல் அசையாமல் படிந்து உட்கார்ந்தது. நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளியே இல்லை.

"ஏனுங்க தம்பி, நேர் ரோட்டுலயேதான் ஓட்டுவீங்களாட்டக்குது," என்றார். ஆமாம் என்றேன். "இது தேஞ்ச டயரு இல்லீங்க, சப்பையான டயரு. பட்டன் இருக்குது, உருண்டை இல்லீங்க."

எத்தனையோ கையேடு படித்திருக்கிறேன். பட்டன் இருக்கிறது, உருண்டை இல்லை என்று இவ்வளவு தெளிவாக எதிலும் படித்ததில்லை.

அவர் சொன்னதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தேங்காயைச் சாய்த்துப் பாருங்கள், எந்தப் பக்கமும் சீராக உருளும். ஒரு செங்கல்லைச் சாய்த்துப் பாருங்கள், விளிம்பு வரை முரண்டு பிடித்துவிட்டுத் தொப்பென்று விழும். புது டயரின் குறுக்குவெட்டு தேங்காய் மாதிரி. நேர் சாலையில் மட்டும் ஓட்டினால் நடுவில் மட்டும் தேய்ந்து செங்கல் மாதிரி ஆகிறது. ஓரங்களில் ரப்பர் புதிதாகவே இருக்கும். அதனால்தான் டயர்க் கம்பெனிகள் நெடும்பயண டயரில் நடுவில் கெட்டியான ரப்பரும், இரண்டு ஓரத்திலும் மென்மையான ரப்பரும் வைத்துச் செய்கின்றன. அப்படியும் நம் ஊர் நான்கு வழிச்சாலை நடுவைத்தான் தின்கிறது. இரண்டாவது முறையாகச் சொல்கிறேன், மொட்டையாகும் முன்பே சப்பையாகிவிடும்.

உங்கள் வண்டிக்கும் இன்று மாலையே இந்தச் சோதனையைச் செய்யலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பின் டயரின் நடுவில் குறுக்கே வையுங்கள். ஓர் இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தால் நல்லது. மூன்று விரல், நான்கு விரல் அகலத்துக்குப் படிந்து உட்கார்ந்தால், மலைப்பாதைக்கு அந்த டயரோடு போக வேண்டாம்.

நான் அன்று சென்னை வரை மெதுவாக வந்து, அந்த வாரமே மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் நாலாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். அந்த நாலாயிரத்துக்காகத்தான் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு எழுபது வளைவு ஏறி இறங்கினேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது காற்று. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். என் வண்டிக்கு முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. என்று கையேட்டில் இருக்கிறது; பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தின் அளவு. பெட்ரோல் பங்கில் போய் நின்றால், இருசக்கர வண்டி என்றதும் பழக்கத்தில் பின்னால் 30 அல்லது 32 வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி வருகிறது, பெரும்பாலானவை சின்ன வண்டிகள். நாம்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். 42 இருக்க வேண்டிய இடத்தில் 32 இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடாகிறதே, அதே கதை. சூடான ரப்பர் வேகமாகத் தேயும். சித்திரை வெயிலில் தார் ரோடு ஏற்கெனவே கொதிக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் டயர் என்ன செய்யும்?

ஒரு சின்ன காற்று மானி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடவே காட்டும். அது சூட்டினால் வந்த கூடுதல். ஐயோ அதிகமாகிவிட்டதே என்று இறக்கிவிடக் கூடாது. பலர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். காலையில், வண்டி எடுக்கும் முன். இதுதான் நேரம். பஞ்சர் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே குறையும் என்பதால், மாதம் இரண்டு முறையாவது பாருங்கள். நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். பன்னிரண்டாயிரம் வந்த டயருக்கு நான் செய்த தனிக் கவனிப்பு இது ஒன்றுதான்.

ஓட்டும் விதமும் உண்டு. சிக்னலில் பச்சை விழுந்ததும் முறுக்கிக்கொண்டு பாய்வது, டோல்கேட்டைத் தாண்டியதும் ஒரே இழுப்பாக இழுப்பது, இவையெல்லாம் ரப்பரை அரத்தில் வைத்து ராவுவது மாதிரி. ஆயிரம் சிசி எஞ்சினுக்கு முழு இழுப்பு என்பது சாதாரண விஷயம். டயருக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஆக்சிலேட்டரை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடினால் அதே ரோட்டில் அதே டயர் கூடுதலாக உழைக்கும்.

கன்னியாகுமரி கன்னியாகுமரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அந்த மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்கள் இருப்பது நேயர்களில் பலருக்குத் தெரியும். விடிவதற்கு முன் மரத்தைச் சீவி, சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால் வடிவதை அங்கே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மரம் ஒரு நாளைக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். அதைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. மழையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டு விதிப்படி இருசக்கர வண்டியின் டயரில் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது சட்டத்தின் எல்லை. ஐப்பசி மழைக்கு அது போதாது. பள்ளத்தில் ஆழம் இருந்தால்தான் தண்ணீர் ஒதுங்க இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். மாற்றுகிற நிலைமையில் இருந்தால் புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அதிகம் சாய்க்காதீர்கள், புது ரப்பரின் மேல்தோல் வழுவழுவென்று இருக்கும்.

கடைசியாக ஒன்று. டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் தனியாக அச்சாகியிருக்கும். 3523 என்று இருந்தால் 2023ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். ஓடாமலே நின்றாலும் ரப்பர் வயதாகி இறுகும். அதனால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அந்த நான்கு எண்ணைப் படித்துப் பாருங்கள். முன் டயரைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஸ்கேல் வைத்துப் பார்ப்பதை மட்டும் இன்று மாலை மறக்க வேண்டாம், மொட்டையாகும் முன்பே சப்பையாகிவிடும்.

நன்றி, வணக்கம்.