ஐன் தாராவில் விடிந்த பொழுது

அவையோருக்கு வணக்கம்.

சிரியாவின் தெற்கே சுவைதா என்று ஒரு நகரம் இருக்கிறது. செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அங்கே பெரும்பாலோர் ட்ரூஸ் மக்கள், இஸ்லாமிலிருந்து கிளைத்துத் தனி மதமாகிப்போன சமூகம். அவர்களில் பலருடைய முன்னோர் லெபனான் மலைக்காரர்கள். பிறந்த மலையை விட்டு ஏன் போனார்கள் என்று தேடிக்கொண்டு போனால், 1711 மார்ச்சில் ஐன் தாரா என்ற மலைக்கிராமத்தில் வந்து நிற்போம்.

அன்று மோதிய இரு கட்சிகளுக்கும் கைஸ், யமன் என்று பெயர். வட அரேபியக் குலம், தென் அரேபியக் குலம் என்ற பழைய பிரிவினை அது. 684இல் டமாஸ்கஸ் அருகே மர்ஜ் ராஹித் போரிலேயே இந்தப் பகை ரத்தம் பார்த்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரே மதத்தைச் சேர்ந்த, ஒரே மலையில் வாழ்ந்த மக்கள் அந்தப் பெயர்களைச் சொல்லி வெட்டிக்கொண்டார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

சரி, பெயர்தான் பழையது. சண்டை வரிக் குத்தகைக்கு. மலையில் வரி வசூலித்து உஸ்மானிய (ஒட்டோமான்) பேரரசின் ஆளுநருக்குக் கட்டும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அமீர். 1697இல் மஅன் குலத்து அமீர் அஹ்மத் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மலைத் தலைவர்கள் கூடி, பெண்வழி உறவான ஷிஹாப் குடும்பத்தை அழைத்தார்கள். அவர்கள் ட்ரூஸ்கூட அல்ல, சுன்னி முஸ்லிம்கள். அஹ்மதின் மகள் வயிற்றுப் பேரன் ஹைதர் ஷிஹாப் பிறகு அமீரானார்.

கடற்கரை நகரமான சைதாவின் ஆளுநர் ஆதரவோடு மஹ்மூத் அபூ ஹர்மூஷ் என்ற ட்ரூஸ் தலைவர் யமன் கட்சியைச் சேர்த்துக்கொண்டு, கைஸ் கட்சித் தலைவரான ஹைதரை விரட்டினார். ஹைதர் வடக்கே ஹெர்மல் வரை ஓடி ஒளிந்தார். அப்புறம் அபுல்லமா குடும்பம் துணை நிற்க, லெபனான் மலையின் மத்ன் பகுதிக்குத் திரும்பினார்.

யமன் படை ஐன் தாராவில் கூடியது. மேற்கே பெய்ரூட் பக்கம் சைதா ஆளுநரின் படை. கிழக்கே பெக்கா சமவெளியில் டமாஸ்கஸ் ஆளுநரின் படை. மூன்றும் சேர்ந்துவிட்டால் ஹைதர் கதை முடிந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முந்திக்கொண்டு ஐன் தாரா மேல் பாய்ந்தார். யமன் தலைமைக் குடும்பமான அலம் அல்-தீன் அமீர்கள் சிலர் சண்டையிலேயே விழுந்தார்கள், பிடிபட்டவர்கள் வெட்டப்பட்டார்கள். அந்த வம்சம் அன்றோடு சரி.

அபூ ஹர்மூஷை மட்டும் கொல்லவில்லை. அவர் பாஷா என்ற உஸ்மானிய உயர் பட்டம் பெற்றவர். அதற்குப் பதில் நாக்கையும் கட்டைவிரல்களையும் அறுத்தார்கள் என்று மலையின் வரலாறுகள் சொல்கின்றன. இனி அவர் ஆணையிட வேண்டாம், வாள் பிடிக்கவும் வேண்டாம். கொலையைவிடக் கொடுமை இது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஹைதர் மலையைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டார். அபுல்லமாக்களுக்கு அமீர் பட்டம் கிடைத்தது. யமன் குடும்பங்கள் கிழக்கே, சிரியாவின் தெற்கிலுள்ள ஹவ்ரான் மேட்டுக்குப் பெயர்ந்தன. அவர்கள் விட்டுப்போன நிலங்களில் காலப்போக்கில் மாரோனைட் கிறிஸ்தவ உழவர்கள் குடியேறினார்கள். மலையில் ட்ரூஸ் எண்ணிக்கை தேய்ந்தது. வென்ற கைஸ் கட்சியாவது ஒன்றாக இருந்ததா? ஜும்ப்ளாத்தி, யஸ்பக்கி என்று அதுவும் இரண்டாகப் பிளந்தது.

ஹவ்ரானில் அவர்கள் குடியேறிய, சுவைதா நகரம் இருக்கும் மலைக்கு நாளடைவில் ஜபல் அல்-ட்ரூஸ், ட்ரூஸ் மலை, என்றே பெயர் நிலைத்தது. 1925இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகச் சிரியா முழுக்கப் பரவிய கிளர்ச்சி கிளம்பியது அந்த மலையிலிருந்துதான்.