தலைவர் வெளியே போனபோது

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்கா, நம் மலேசியச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வேனிலும் மோட்டாரிலும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பிறவித் தலைமைக் குணத்தால் ஊருக்குப் பெரிதும் விளைவது பலமே, பலவீனமே" என்பது இன்றைய தலைப்பு. நான் பலவீனமே என்ற அணி. பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு பிறவித் தலைவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவரோடு வளர்ந்தவள் நான். அதனால்தான் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். மையர்ஸ் பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையில் மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறார்கள், அதில் ஈ-என்-டி-ஜே என்ற நான்கெழுத்து வகையைத் 'தளபதி' என்றே பலர் அழைக்கிறார்கள் என்றார். தயங்காமல் முடிவெடுப்பார்கள், தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்ப்பார்கள், சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரை எழுப்பி நடக்க வைப்பார்கள் என்று அழகாக வாசித்தார். ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் பாதியிலேயே தாளை மடித்துவிட்டார். மீதிப் பாதியில் என்ன இருக்கிறது தெரியுமா? பொறுமை குறைவு. பிடிவாதம். மெதுவாக யோசிப்பவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவது. அடுத்தவர் மனம் நோகும் என்பது வார்த்தை வெளியே போன பிறகுதான் உறைப்பது. அந்த நான்கெழுத்தில் மூன்றாவதான 'டி' எதைக் குறிக்கிறது? உணர்வைப் பின்னால் தள்ளி, கணக்கையும் காரணத்தையும் முன்னால் வைக்கும் மனதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும். கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளை வைத்துச் செய்தார்கள். சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் எழுத்து மாறிவிடுவது உண்டு என்பதால், உளவியல் ஆய்வாளர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே 'பிறவி' என்ற சொல்லை அந்தத் தாளை வைத்து நிரூபிக்க முடியாது அண்ணே. சரி, அதை விடுங்கள். சோதனை எதுவும் எழுதாமலே நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். கோயில் தலைவராக, தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டலாக, பெற்றோர் சங்கத்தில், கல்யாண வீட்டில்.

என் அப்பா கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டும் தொழிலாளி. இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது அவர் குரல் ஒன்றுதான் கேட்கும். தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் அவர். கோயில் தலைவரும் அவர்தான். வெட்டும் மர வரிசையை, நிரையை, ஆளுக்கு ஆள் பிரிப்பதில் தகராறு என்றால் அவர்தான் போவார். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்றாலும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் கூரை ஒழுகினாலும், வாசலில் வந்து "அண்ணன் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள்கூட "நீ போய்ப் பேசிப் பார், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய இழப்பு என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷம் தோட்டம் கைமாறியது. கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை போடப்போகிறோம், லயத்தைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்தது. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் லயங்களில் 40 வீடு. ஆபீசுக்குப் போனவர் அப்பா ஒருவர்தான். நஷ்டஈடு எவ்வளவு, மாற்று வீடு எங்கே, கோயிலுக்கு எத்தனை அடி நிலம் எல்லாம் பேசினார். பேசியதைச் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். யாராவது கேட்டால், "நான் பார்த்துக்கிறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்பார். எல்லோரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அந்த நிம்மதியோடு ஒரு விடிகாலை, வெட்டுக்காட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின.

நோட்டு இருந்தது. அதில் பெயர் பாதி, எண் பாதி, அவருக்கு மட்டும் புரியும் கோடுகள். அதைப் படித்துச் சொல்ல 40 வீட்டில் ஒருவரும் இல்லை. அவர் காட்ட நினைத்தார், கை வரவில்லை.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூவர் செய்தது. 1939-இல் வெளியானது. பத்து, பதினொரு வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்தார்கள். ஒருவகைக் குழுவில் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து உத்தரவு போட்டார். இன்னொன்றில் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாவதில் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். அந்த மூன்றாவதில் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. ஆகவே தலைமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எதிரணி அதைக் குறித்துக்கொள்ளட்டும். உத்தரவு போட்டவரின் குழுவில் அவர் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. பிறகு அந்தப் பெரியவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். உடனே பையன்களின் கை நின்றது. கலந்து பேசிய குழுவில் பெரியவர் வெளியே போன பிறகும் வேலை ஏறத்தாழ அப்படியே ஓடியது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயம்தான் கண்ணில் வந்தது. அப்பா அறையை விட்டு வெளியே போய்விட்டார். எங்கள் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது? எங்கள் ஆட்களுக்குப் புத்தி இல்லையா? இருந்தது. ஆனால் பழக்கம் வேறு. தமிழ்நாட்டிலிருந்து மலாயாத் தோட்டத்துக்கு நம்மை அழைத்து வந்த கங்காணியை நினைத்துப் பாருங்கள். அவரும் நம்மில் ஒருவர், சொந்த ஊர்க்காரர், குரலில் கம்பீரம், கூட்டத்தை நகர்த்தத் தெரிந்தவர். துரைமார் அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அவரை ஊருக்கு அனுப்பி ஆள் சேர்த்தார்கள். அழைத்து வந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. நம் நோய்க்கும் கடனுக்கும் சண்டைக்கும் கங்காணியைத்தான் பார்க்க வேண்டும். இந்திய அரசு 1938-இல் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததோடு அந்த முறை போனது. ஆனால் ஒருவர் பின்னால் வரிசையாக நிற்கும் பழக்கம் போகவில்லை. என் அப்பாவுக்குக் கங்காணியின் பேராசை துளியும் கிடையாது. ஒரு காசு யாரிடமும் வாங்கியதில்லை. ஆனாலும் ஜனங்கள் அவர் பின்னால் நின்றது அதே வரிசையில்தான்.

எதிரணி அக்கா துன் சம்பந்தனைச் சொன்னார். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் கைதட்டல் வரும். வர வேண்டியதுதான். நானும் தட்டினேன். 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசை நடத்தியவர். ஆனால் அக்கா, அவர் செய்ததில் இன்றைக்கும் நிற்பது எது? சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது தொழிலாளி வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தான். அப்போது அவர் "நான் பார்த்துக்கொள்கிறேன், நிம்மதியாக இரு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, லயம் லயமாகப் போய், "மாதம் 10 வெள்ளிப் பணம் போடு, 100 வெள்ளிக்கு ஒரு பங்கு, தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்றார். பால் வெட்டுகிறவரின் கையில் பங்குப் பத்திரம் வந்தது. அவர் 1979-இல் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் பிறவித் தலைவரின் பெருமை, தன் பிறவிக் குணத்தை அடக்கி 10 வெள்ளிக்காரனையும் உரிமையாளனாக்கியதில் இருக்கிறது. அவரை நீங்கள் உங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.

அடுத்து 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். அதை நடத்திய ஆர்.எச். நாதன் என்ற ஒருவர் இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் அந்த நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. அவரைக் கைது செய்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் அரசாங்கம் கணக்குப் போட்டது. கைது செய்த பிறகு போராட்டம் மேலும் பரவியது. பட்டாளத்தை இறக்கினார்கள், உயிர்கள் போயின, அவரை நாடு கடத்தினார்கள். அத்தனைக்கும் நடுவில் ஜனங்கள் நின்றார்கள் என்றால் காரணம் என்ன? கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடையை மூடு. பெண்களிடம் தகாத முறையில் நடக்காதே. துரையோ, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடு. சைக்கிளை விட்டு இறங்கிய அவமானம் இறங்கியவனுக்குத்தானே தெரியும்? அது ஒவ்வொருவரின் சொந்த வலி. அதனால்தான் நாதன் உள்ளே போன பிறகும் அந்தக் குரல் வெளியே இருந்தது.

வெள்ளம் வந்தால் ஒருவர் சத்தம் போட வேண்டாமா என்றார் கடைசியாகப் பேசிய தம்பி. வேண்டும் தம்பி. அன்றைக்கு மட்டும்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. குழு வேலை கொடுத்தால் ஒரு பிள்ளை உடனே எழுதுகோலைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும், நமக்கும் சந்தோஷம். முன்பெல்லாம் அந்தப் பிள்ளையைத்தான் பாராட்டுவேன். இப்போது அதனிடம் போய், "உன் பக்கத்தில் இருப்பவளிடம் என்ன கேட்டாய்?" என்கிறேன். பல தடவை அந்தப் பக்கத்துப் பிள்ளையிடம்தான் நல்ல பதில் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் அது சும்மா இருந்திருக்கிறது.

இந்தக் குணம் அந்த மனிதருக்கே செய்யும் கொடுமையை யாரும் பேசவில்லை. கித்தா மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவோம். பால் நன்றாக வருகிறதே என்று தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். என் அப்பாவை 40 வீடும் தினமும் வெட்டியது. நாங்களும் வெட்டினோம். "முடியவில்லை", "தெரியவில்லை" என்ற இரண்டு வார்த்தையை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அவர் தலைவர் இல்லையே. மார்பில் வலி இருந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மணி அடிக்கிறது, இதோ முடிக்கிறேன். அப்பா விழுந்த பிறகு சில வாரம் எங்கள் லயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கோயில் நிலத்துக்கான பேச்சு கைவிட்டுப் போயிற்று, அது திரும்பி வரவே இல்லை. அப்புறம் அம்மா ஒருநாள் இராத்திரி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "உங்க வீட்டைப் பத்தி அவர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, என்னை எழுதச் சொன்னார். மறுவாரம் 6 பேர் ஆபீசுக்குப் போனார்கள், 4 பேர் பெண்கள். கிராணி எட்டிப் பார்த்து, "உங்க தலைவர் யாரு?" என்று கேட்டார்.

"அவர் வரல. யாரை வேணும்னாலும் கேளுங்க, கணக்குச் சொல்றோம்" என்றார் அம்மா.

தீர்ப்பு உங்களிடம், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.