வீடு கொடுத்துவிட்டால் போதாதா? (கேள்விக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. "கடல் ஏறி ஊரை இழந்தவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்துவிட்டால் போதாதா? பண்பாட்டு உரிமை என்று தனியாக எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பண்பாடு என்றதும் பாட்டு, நடனம், உடை என்று நினைத்துக்கொள்கிறோம். அதையெல்லாம் போகிற இடத்துக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவுகளைச் சேர்ந்த எட்டுப் பேர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் கொண்டுபோன புகாரைப் பாருங்கள். கடல் புகுந்து குடும்பக் கல்லறைகள் அழிந்து, எலும்புகள் சிதறிப்போயின. கல்லறையைப் பேணுவது, அங்கே போய் இறந்தவர்களோடு பேசுவது, இதுதான் அவர்கள் பண்பாட்டின் அடிப்படை. பிள்ளைகள் பெரியவர்களாகும்போது செய்யும் சடங்குக்கும் அந்த மண்ணில் செய்தால்தான் மதிப்பு. இதை எப்படிக் கொண்டுபோவது? 2022-ல் குழு அவர்கள் பக்கம் நின்றது. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில், சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டோடு வாழும் உரிமையைச் சொல்லும் 27-ஆம் பிரிவை ஆஸ்திரேலியா மீறிவிட்டது, தீவுகளைக் காக்க உரிய நேரத்தில் போதுமானதைச் செய்யவில்லை என்றது. குழுவின் கையில் போலீஸ் இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, அவர்கள் இன்னும் ஊரில் இருப்பவர்கள். நாட்டைவிட்டே கிளம்புகிறவர்களுக்கு? 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுகிறவர்களுக்கானது. கடல் மட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பசிபிக் கடலில் உள்ள சிறு தீவு நாடான துவாலு தனியாக ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 280 பேர், குலுக்கல் முறையில், ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குலுக்கலில் பெயர் விழுவது விண்ணப்பித்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். ஊர் மொத்தமாக ஒரே இடத்துக்குப் போக அதில் வழி இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஒரே நாட்டுக்குள் இடம் மாறினாலும் சிக்கல் வருகிறது. அமெரிக்காவில் லூசியானாவின் ஜான் சார்ல்ஸ் தீவு கடலில் கரைந்துகொண்டிருக்கிறது. ஏற்கெனவே சிதறிப்போன தங்கள் ஆட்களையும் சேர்த்து ஒரே ஊராக வாழ வேண்டும் என்று அங்குள்ள பழங்குடியினரே திட்டம் வகுத்தார்கள். 2016-ல் மத்திய அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் மாநில அரசின் வழியாக வந்தது, திட்டமும் மாநில அரசின் கைக்குப் போய்விட்டது என்பது அவர்களின் குறை. 2022-ல் புது வீடுகளில் குடியேறினார்கள். அடுத்த ஆண்டே, மத்திய வீட்டுவசதித் துறையிடம் மாநிலத்தின் மீது புகார் கொடுத்தார்கள்.