ஒரே பொடி: 96 சதவீதமா, 0.76 சதவீதமா?

[திரையில்: வெயிலில் கண்ணாடிப் பலகைகள், குமிழிகள்]

தண்ணியில போட்டு ஒளி காட்டினா ஹைட்ரஜன் விடுற ஒரு பொடி. அதோட திறன் 96 சதவீதம்னு ஒரு ஆய்வுக் கட்டுரை, 0.76 சதவீதம்னு இன்னொண்ணு. ரெண்டும் நேச்சர் இதழ்ல வந்தது, ரெண்டுக்கும் பின்னாடி ஜப்பானோட கசுனாரி டோமன் குழு. ரெண்டும் உண்மை!

வரலாறு ஒரே மூச்சுல: 1972ல ஃபுஜிஷிமா, ஹோண்டானு ரெண்டு ஜப்பான் விஞ்ஞானிகள், டைட்டானியம் டை ஆக்சைடு மேல ஒளி காட்டித் தண்ணியைப் பிரிச்சதா எழுதினாங்க. முடிஞ்சது.

ஒளி பட்டதும் பொடிக்குள்ள ஒரு எலக்ட்ரான் கிளம்பும். அது இருந்த இடத்துல ஒரு துளை. எலக்ட்ரான் ஹைட்ரஜனைத் தரும், துளை ஆக்சிஜனைத் தரும். ஆனா ரெண்டும் காதல் ஜோடி. விட்டா உடனே சேர்ந்துக்கும், வாங்கின ஒளி வெறும் சூடாப் போயிடும். இங்கதான் பழைய சினிமா அப்பா வேணும், ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பி வைக்க. கூட்டு ஒளிவினையூக்கி, அதாவது ஒளி வாங்குற பொடியோட வேற பொருளையும் சேர்த்து ஒட்டினது, செய்யறது அந்த வில்லத்தனம்தான்.

நம்ம பொடி, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகம். எலக்ட்ரான் வர்ற முகத்துல ரோடியம், துளை வர்ற முகத்துல கோபால்ட். இதை யாரும் பார்த்துப் பார்த்து ஒட்டலை. கரைசல்ல போட்டு ஒளியைக் காட்டினா, எந்த உலோகம் எந்தப் பக்கம்னு படிகமே பிரிச்சுக்குது! ரோடியம் மேல குரோமியம் ஆக்சைடு போர்வை வேற. ஆக்சிஜனை உள்ளயே விடாது. விட்டா, கிடைச்ச ஹைட்ரஜன் அதோட சேர்ந்து மறுபடியும் தண்ணி. மொத்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆள் இந்தப் போர்வைதான்.

2020ல இதை வெச்சு 350-360 நானோமீட்டர் அலைநீள ஒளியில சோதிச்சாங்க. விழுந்த ஒளித்துகள் நூறுல 96 வரைக்கும் வேலை செஞ்சது. அப்படியே அசந்துட்டேன்.

2021ல அதே வகைப் பொடியை 100 சதுர மீட்டர்ல பரப்பி வெயில்ல வெச்சாங்க. வெயில்ல வந்த மொத்த ஆற்றல்ல ஹைட்ரஜனா மாறினது அதிகபட்சம் 0.76 சதவீதம்.

காரணம், 350 நானோமீட்டர்ங்கறது புற ஊதா. வெயில்ல அது சுமார் 5 சதவீதம்தான். பச்சைக்கும் சிவப்புக்கும் இந்தப் பொடி அசையவே அசையாது. அந்தக் கொஞ்சம் புற ஊதாவுலயும், ஒரு ஒளித்துகள் கொண்டுவர்ற ஆற்றல் சுமார் 3.5 எலக்ட்ரான் வோல்ட், ஹைட்ரஜன்ல சேர்றது 1.23. மிச்சமெல்லாம் சூடு.

ஆனா பலகை பல மாசம் ஓடுச்சு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வருது, அதாவது வெடிக்கிற கலவை. வேணும்னே பத்தவெச்சும் பார்த்தாங்கப்பா!

அடுத்த தடவை "ஹைட்ரஜன் சாதனை"னு வாட்ஸ்அப்ல வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த ஒளி? தண்ணியில மெத்தனால் கலந்தாங்களா? கலந்தா துளை தண்ணிக்குப் பதிலா மெத்தனாலைப் பிடிச்சுக்கும், வேலை சுலபம், ஆக்சிஜனும் வராது.

கண்ணுக்குத் தெரியற ஒளியையும் குடிக்கிற காட்மியம் சல்ஃபைடு, கார்பன் நைட்ரைடு, இதுல எதைப் பத்தி முதல்ல வீடியோ போடலாம்? கமென்ட்ல சொல்லுங்க.