உணவுக்குழாய் கிழிந்தால் முதல் சில மணி நேரம்

[திரையில்: தொண்டை முதல் இரைப்பை வரை உணவுக்குழாய்]

பலமாக வாந்தி எடுத்த ஒருவர் உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மூச்சு வாங்குகிறது. மாரடைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஈசிஜி எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் வாந்திக்கு அப்புறம்தான் வலி வந்ததா என்று கேட்காமலே ரத்தம் உறையாமலிருக்க மருந்து போடுவது ஆபத்து. கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறக்கிறதா? உணவுக்குழாய் கிழிந்து, தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கலாம்.

டச்சு மருத்துவர் போர்ஹாவே 1724-ல் விவரித்தது இப்படி வாந்தியால் வந்த கிழிசலைத்தான். இன்று அதைவிட அதிகம் பார்ப்பது எண்டோஸ்கோபியின்போது, அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும்போது, ஏற்படும் ஓட்டை.

[திரையில்: ஓட்டை வழியே கசியும் திரவம்]

ஓட்டையை விடக் கசிவுதான் ஆளைக் கொல்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும்போது எச்சில், அமிலம், கிருமி எல்லாம் வெளியே உறிஞ்சப்படுகின்றன. பிறகு சீழ், அதன்பின் தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸ்.

அதனால் வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். ஆக்ஸிஜன், சலைன், வலி மருந்து, பலவகைக் கிருமிகளுக்கான ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்கும் ஊசி. பல இடங்களில் பூஞ்சைக்கும் மருந்து சேர்ப்பார்கள். நிலைமை தாங்கினால் சிடி ஸ்கேன். கசிவைக் காட்டக் குடிக்கக் கொடுக்கும் சாயம் மட்டும் விதிவிலக்கு; அது நீரில் கரைவதாக இருக்கட்டும்.

இங்கேதான் நல்ல கைகளும் தடுமாறும். மூச்சுத் திணறுகிறதே என்று முகமூடி வென்டிலேட்டரை மாட்டினால், அந்த அழுத்தமே காற்றை ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் தள்ளும். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயையும் கண்ணை மூடிக்கொண்டு செலுத்தக் கூடாது. எண்டோஸ்கோபியில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதென்றால், பையை அழுத்திக் காற்று கொடுப்பதை முடிந்தவரை தவிர்த்து வேகமாகப் போட வேண்டும். நெஞ்சுக்குள் காற்றோ திரவமோ சேர்ந்து மூச்சை அழுத்தினால், அதை வெளியேற்றும் வடிகுழாயை உடனே போட வேண்டும்.

[திரையில்: ஐசியூ மானிட்டர்]

சலைனுக்கும் ரத்த அழுத்தம் ஏறாவிட்டால், ரத்தநாளங்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின். சராசரி ரத்த அழுத்தம் 65 mmHg-க்கு மேல் நிற்க வேண்டும். ஆனால் மருந்து நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். கசிவை அடைத்துச் சீழை வெளியேற்ற வேண்டும்: அறுவை, ஓட்டையை உள்ளிருந்து மூடும் குழாயான ஸ்டென்ட் அல்லது ஓட்டைக்குள் பஞ்சு வைத்து உறிஞ்சும் வெற்றிட முறை. 24 மணி நேரத்துக்குள் செய்தால் நல்லது. சிறிய, அடங்கிய கசிவு என்றால் அறுக்காமலும் பார்க்கலாம், நெருக்கமான கண்காணிப்போடு.

உணவு? சிறுகுடலுக்குப் போகும் குழாய் வழியாகவோ ரத்தநாளம் வழியாகவோ. திடீரென்று காய்ச்சல் ஏறினால் மறுபடி சிடி. வாயால் குடிக்க விடுவதற்கு முன் சாயம் விழுங்கவைத்து, கசிவு இல்லை என்று பார்ப்பார்கள்.