புரட்டிப் படுக்க வைத்த கை

நடுவர் அவர்களே, தொண்டை வரளப் பேசிவிட்டுச் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வெள்ளனவே வந்து முன்கதிரை பிடித்த அம்மாமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

"உடற்குறையை வெல்லும் விளையாட்டு வீரர் படங்கள் எங்கள் வன்னிக்கு உதவியா, உபத்திரவமா?" இதுதான் தலைப்பு. உபத்திரவமே என்று பேச நான் எழும்பியபோதே பின்வரிசையில் ஒரு ஐயா "பாவம் பிள்ளை" என்றார். எனக்குக் கேட்டது ஐயா. கொஞ்சம் பொறுங்கள்.

போன கிழமை இதே மண்டபத்தில் 'சந்து சாம்பியன்' படம் போட்டார்கள். இந்திப் படம், 2024இல் வந்தது. கீழே ஓடிய எழுத்தை வாசித்து வாசித்தே பாதிப்பேர் அழுதுவிட்டோம். நானும்தான், மறைக்கவில்லை. முரளிகாந்த் பெட்கர் என்ற உண்மையான மனிதரின் கதை. இந்திய இராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் துளைத்து, முள்ளந்தண்டில் ஒன்று தங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் நடந்த பராலிம்பிக்கில் 50 மீற்றர் நீச்சலில் உலக சாதனையோடு தங்கம். இந்தியாவுக்கு அதுதான் முதல் பராலிம்பிக் தங்கம்.

அந்த மனிதரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவருக்குக் கை கூப்புகிறேன். என் சண்டை படத்தோடு. அதைவிட, படம் பார்த்துவிட்டு வெளியே வந்து நாங்கள் கதைத்த கதையோடு.

என்ன கதைத்தோம்? எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார், பெரியம்மாவின் மகன். 2009 போரில் செல் துண்டு முதுகில் பட்டு அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படம் முடிந்த அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார்: "தம்பி, அந்த மனுசன் நீந்தித் தங்கமே எடுத்திட்டார். நீ ஏன் வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கிறாய்?" அண்ணை சிரித்துக்கொண்டு, "வன்னியில குளத்துக்கா பஞ்சம்? இறங்கிறது சுகம் அண்ணை. ஏத்திறதுக்கு நீங்கள் வருவியளோ?" என்றாராம். வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எதிரணித் தலைவர் "மனமுண்டானால் இடமுண்டு" என்று முடித்தார். கைதட்டல் விழுந்தது. சரி, மனத்தை விட்டுவிடுவோம், வன்னியில் அதற்குக் குறைவில்லை. இடத்தைப் பார்ப்போம். பெட்கருக்கு என்னென்ன இருந்தன? இராணுவ மருத்துவமனை இருந்தது. நீந்தினால் நல்லது என்று சொல்லித் தண்ணீரில் இறக்கிவிட ஆள் இருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கை கொடுக்க விஜய் மெர்ச்சண்ட் என்ற பழைய கிரிக்கெட் வீரர் இருந்தார். இவையெல்லாம் படத்தில் வேகமாக ஓடிப்போகின்றன. இசை தூக்கி நிறுத்துவது அவர் பல்லைக் கடிக்கிற முகத்தை மட்டும்தான். பல்லைக் கடித்தால் விமானச் சீட்டுக் கிடைக்குமா?

படத்தில் நான் தேடிய ஒரு பொருளைச் சொல்லட்டுமா? படுக்கைப்புண். அம்மாமார் சிலருக்குத் தெரியும், வீட்டில் பார்த்திருப்பீர்கள். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் அந்த இடத்துக்கு இரத்தம் போகாது. நோகாது, அதனால் தெரியாது. தோல் சிவந்து, கறுத்து, பிறகு எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழும். காய்ச்சல் வரும். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை யாராவது எழும்பிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கதிரையில் இருந்தால் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்க வேண்டும். சலம் போகிற குழாய் சுத்தமில்லையென்றால் கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறும். எங்கள் அண்ணையின் எதிராளி இதுதான் நடுவர் அவர்களே. ஒவ்வொரு இரவும் போட்டி, பதக்கம் கிடையாது. பெரியம்மா வைத்திருக்கிற மணிக்கூடு விடிவதற்குள் நாலு தரம் அடிக்கிறது. அவவுக்கு 70 தாண்டிவிட்டது. ஒருநாள் மணிக்கூடு அடித்தும் அவ எழும்பவில்லையென்றால்? படங்கள் அந்த மணிக்கூட்டைக் காட்டுவதில்லை.

இன்னொன்று. இந்தப் பராலிம்பிக்கே எங்கே பிறந்தது? விளையாட்டு மைதானத்தில் இல்லை, ஒரு ஆஸ்பத்திரி வாட்டில். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர். ஹிட்லருக்குத் தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர் 1944இல் அங்கே முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார். அதுவரை அப்படிக் காயப்பட்டவர்கள் கொஞ்ச மாதத்தில் செத்துப்போவார்கள் என்று கைவிட்டிருந்தார்கள். குட்மன் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? இராப்பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பந்து, வில், அம்பு எல்லாம். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் ரோமில் நடந்த முதல் பராலிம்பிக் வரைக்கும் அது வளர்ந்தது. எதிரணி நண்பர்களே, முதலில் புரட்டிய கை, பிறகுதான் பதக்கம். வரிசையை மாற்றிச் சொல்லாதீர்கள்.

எங்கள் இலங்கையையும் பாருங்கள். 2012இல் லண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றரில் வெண்கலம். டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர், உலக சாதனை, தங்கம். அவர்கள் உழைப்பில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் இருவரும் இராணுவத்தினர். மாதச் சம்பளம், மருத்துவம், பயிற்றுநர், மைதானம், எல்லாம் பின்னால் நின்றன. கிடங்குக்குள் பதுங்கியிருந்தபோது செல் விழுந்து கால் போன எங்கள் பிள்ளைக்குப் பின்னால் நிற்பது யார்? அம்மாவும் ஒரு மணிக்கூடும்.

படத்தைப் பற்றி ஒரு விசயம், எதிரணி அதைத் தொடாமல் நழுவிவிட்டது. அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது? கிழவராகிவிட்ட பெட்கர் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறார். எனக்குரிய விருதைத் தரவில்லை, குடியரசுத் தலைவர் மீதே முறைப்பாடு எழுதுங்கள் என்கிறார். பொலிஸ்காரர்கள் சிரிக்கிறார்கள். தங்கம் வாங்கியவருக்கே 46 வருசம் கழித்து, 2018இல்தான் பத்மஸ்ரீ. நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கமல்லவா பேசுகிறது! படம் வந்த பிறகு இந்திய அரசின் விளையாட்டு விருதான அருச்சுனா விருதும் கிடைத்ததே, அது உதவியில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது, 2025 ஜனவரியில். ஒரு மனிதருக்கு உரியது கிடைக்க ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. சரி, ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் வந்து ஆளுக்கொரு படம் எடுக்க எந்தக் கம்பனி வரும்?

என்னிடம் யாராவது படம் எடுக்கக் கேட்டால் வேறு ஆளைச் சொல்வேன். அஜித் பெரேரா. கொழும்புக்காரர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் தெருவோர மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் நீந்தவில்லை, ஓடவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார். பொதுமக்கள் வந்து போகும் புதிய கட்டடங்கள் எல்லாம் சக்கர நாற்காலி போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் சொன்னது அவர் போட்ட வழக்கில்தான். அதில் அழுவதற்குக் காட்சி இல்லை. சீமெந்துச் சரிவு ஒன்றைக் காட்டினால் யார் விசில் அடிப்பார்கள்? ஆனால் எங்கள் அண்ணைக்கு வேண்டியது அந்தச் சீமெந்துதான்.

நாங்கள் பேரை மட்டும் மாற்றிக்கொண்டே வருகிறோம். ஊனமுற்றோர் என்றோம், வலுவிழந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளிகள். எல்லாம் மரியாதைதான். படி மட்டும் அதே படி.

மணி அடித்துவிட்டார்கள். முடிக்கிறேன்.

இந்த மண்டபத்துக்கு ஏறி வர ஐந்து படி இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். எங்கள் அண்ணை இன்றைக்கு வந்திருக்கிறார். நாலு பெடியங்கள் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார்கள். "மூட்டை மாதிரி வரேலாது" என்று சொல்லிவிட்டார். வெளியே வேப்ப மரத்தடியில் இருக்கிறார். நடுவர் அவர்களே, தீர்ப்பைச் சொல்லும்போது ஒலிவாங்கியைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துச் சொல்லுங்கள். வாசல் பக்க ஸ்பீக்கர் இரைகிறது என்று தம்பி ஒருவன் இப்போதுதான் வந்து சொன்னான்.